விதைக்கும் நாளும் பூக்கும் நாளும்

முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் காவிரி, தெற்கே தன் பெயரிலேயும் வடக்கே கொள்ளிடம் என்ற பெயரிலும் ஓடி, கல்லணைக்கு அருகே மீண்டும் நெருங்கி வருகிறது. இவ்விரு ஓட்டங்களுக்கும் இடைப்பட்ட நீண்டு ஒடுங்கிய தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும் அமைந்துள்ளன. மதில்களையும் மாட வீதிகளையும் கடந்து கல்லணைச் சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றால், திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று வரும் ஊர்களில் கண்ணுக்கு முதலில் படுவது வாழைத் தோப்பு. அத்தோப்புகளின் ஓரங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் சில சென்ட் பரப்பில் கத்தரியும் வெண்டையும் புடலைப் பந்தலும் கீரைப் பாத்தியும் இருப்பது அடுத்த பார்வையில்தான் தெரியும். வாழையைப் பற்றி ஆராய்வதற்குத் திருச்சியில் ஒரு தேசிய நிறுவனமே இருக்கிறது. இந்தக் கொல்லைகளை யாரும் அத்தனை கூர்ந்து பார்ப்பதில்லை. ஆயினும் தாவர உடலியலின் முக்கியமான விதிகளில் பல, ஆண்டு முழுவதும் இவற்றில்தான் வெளிப்படையாகச் செயல்படுகின்றன.

தீவின் மண் ஆறு கொண்டுவந்து கொட்டியது. நீர் வேகமாக ஓடிய இடத்தில் பருமணலும், தயங்கி நின்ற இடத்தில் நுண்ணிய வண்டலும் படிந்திருப்பதால், ஒரே கொல்லையின் இரு முனைகளில் மண் வேறுபடுவது இங்கே வியப்பன்று. மணலும் வண்டலும் கலந்த இத்தகைய மண்ணில் துகள்களுக்கு இடையே காற்று தங்க இடமுண்டு. வேர்களும் மூச்சுவிடுவன என்பதால், நீர் பாய்ச்சிய சில மணி நேரத்தில் உபரி நீர் வடிந்து காற்று உள்ளே திரும்புகிற மண்ணில் காய்கறிச் செடி தழைக்கிறது. இதே மாவட்டத்தில் நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி நெடுங்காலமாக ஆராய்ந்துவருவது இதற்கு நேர்மாறான களர் மண்ணை. அங்கே சோடியம் மிகுந்து களித் துகள்களைப் பிரித்துவிடுவதால் மண்ணின் நுண்துளைகள் அடைபட்டு, பெய்த மழை மேலேயே நிற்கிறது. ஆற்றுக்கு அருகில் கொல்லை வைத்திருப்பவர் இந்த வகையில் பேறு பெற்றவர். ஆனால் 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு, முன்பு வெள்ளத்தோடு வந்த வண்டலின் பெரும்பகுதி தேக்கத்திலேயே தங்கிவிடுவதால், மணற்பாங்கான இம்மண்ணுக்கு ஆண்டுதோறும் கிடைத்துவந்த ஊட்டம் நின்றுபோனது. அந்தக் குறையைத் தொழுவுரமும் கடலைப் புண்ணாக்கும்தான் இட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது.

விதைப்புக்கு உகந்ததாக உழவர்கள் வகுத்து வைத்திருக்கும் காலப்பகுதி பட்டம் எனப்படும். ஜூலை நடுவில் தொடங்கும் ஆடிப் பட்டமும் ஜனவரி நடுவில் தொடங்கும் தைப் பட்டமும் காய்கறிக்கு முதன்மையானவை. ஆடியின் சிறப்புக்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம் ஆற்றுநீர்: மேட்டூர் அணை மரபுப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டு, சில நாள்களில் நீர் கல்லணையை எட்டுகிறது, ஆடி பதினெட்டில் அம்மா மண்டபப் படித்துறையில் மக்கள் கூடும்போது ஆறு நிறைந்து ஓட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இந்த விளக்கம் நெல்லுக்கு முற்றிலும் பொருந்தும். கொல்லைக்குப் பாதிதான் பொருந்தும். சில சென்ட் நிலத்துக்குக் கிணற்று நீரே போதும் என்பதால் அது மேட்டூருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விதை முளைப்பதற்கான வெப்பத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. குளிர்நாடுகளில் மண் உறைந்து கிடக்கும் மாதங்களில் விதைக்க முடியாது என்பதால் அங்கே விதைப்புக் காலத்தை முளைப்பே தீர்மானிக்கிறது; திருச்சியிலோ தை மாதக் குளிரிலும் இரவு வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை, ஆகவே வெண்டை விதையை எந்த மாதத்தில் ஊன்றினாலும் ஒரு வாரத்தில் முளை தலைகாட்டிவிடும். முளைப்பு தடையாக இல்லாத ஓர் ஊரில் பட்டம் என்ற கட்டுப்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதே ஆராய வேண்டிய கேள்வி. இங்கே விதைக்கும் நாள், முளையை எண்ணி வைக்கப்பட்டதன்று. பூ எப்போது மலர வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணி வைக்கப்பட்டது.

இக்கூற்றுக்கு முதல் சான்று பட்டமே இல்லாத பயிர்தான். முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை ஆகியவற்றை ஆண்டு முழுவதும் விதைக்கலாம் என்பது கொல்லை வைத்திருப்போர் அனைவரும் அறிந்தது. முளைக்கீரையை விதைத்த மூன்று, நான்கு வாரத்தில் வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டிவிடுவர். இலைக்காகவே வளர்க்கப்படும் செடி பூப்பதற்கு முன்பே பாத்தியை விட்டுப் போய்விடுவதால், அதன் பூவைப் பற்றிக் கவலைப்படத் தேவையே எழுவதில்லை. சித்திரை வெயிலிலும் இக்கீரைகள் சோர்வதில்லை என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பெரும்பாலான செடிகளில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பற்றும் நொதி, வெப்பம் கூடும்போது ஆக்சிஜனையும் தவறிப் பற்றிக்கொண்டு, சேர்த்த சர்க்கரையில் ஒரு பங்கை வீணாக்குகிறது. கீரைத்தண்டு இனச் செடிகளோ கார்பனை முதலில் நான்கு கார்பன் கொண்ட அமிலமாக மாற்றி, இலையின் உட்புறச் செல்களில் செறிவாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதால் அந்த நொதிக்குத் தவறு செய்யும் வாய்ப்பு மிகக் குறைவு. கரும்பும் சோளமும் கையாளும் வழி இதுவே. 1960-களில் ஹேட்ச், ஸ்லாக் என்னும் இருவர் ஆஸ்திரேலியாவில் இதனைத் தெளிவுபடுத்தினர். கத்தரி வெயில் காலத்தில் கொல்லையில் எஞ்சுவது கீரை மட்டுமே என்று வீடுகளில் குறைப்பட்டுக்கொள்வதற்குப் பின்னால் இவ்வளவு வேதியியல் இருக்கிறது.

பூவின் ஆணைக்கு முழுமையாகக் கட்டுப்பட்ட பயிர் கொடி அவரை. ஆடியில் வேலியோரம் ஊன்றப்படும் அவரை, ஆவணியிலும் புரட்டாசியிலும் இலையும் கொடியுமாகப் பெருகி, ஐப்பசி, கார்த்திகையில் பூவெடுத்து, மார்கழியிலும் தையிலும் காய்த்துக் குவிக்கிறது. இதே விதையை மாசியில் ஊன்றினால் செடி வளர்வதில் எந்தக் குறையும் இராது. வேலியை மூடும், பந்தலை மூடும், பக்கத்து முருங்கையின் மீதும் ஏறும். ஆனால் பங்குனி முதல் ஆவணி வரை ஒரு பூவும் காட்டாமல் நிற்கும். செடிக்கு எருப் போதவில்லை என்றும் மண்ணில் கோளாறு என்றும் கருதி மேலும் எருவிடுவோர் இலையைத்தான் கூட்டுகிறார்கள்.

அவரை காத்திருப்பது இரவு நீள்வதற்காக. பகல், இரவு நீளத்துக்கேற்பச் செடிகள் பூப்பதை முறையாக நிறுவியவர்கள் கார்னர், அல்லார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள். கோடையில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்காத ஒரு புகையிலை வகையை, பகல் குறுகும்படி இருட்டறையில் வைத்துப் பூக்கச் செய்து, 1920-இல் தம் முடிவை வெளியிட்டனர். பகல் ஒரு வரம்புக்குக் கீழே குறுகினால் பூக்கும் இத்தகைய செடிகளுக்குக் குறும்பகல் தாவரங்கள் என்று பெயர் ஏற்பட்டது. ஆனால் 1938-இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியில் செய்த சோதனை, செடி அளப்பது பகலை அல்ல, இருளை என்று காட்டியது: நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கேற்றினாலே அச்செடி பூக்க மறுத்தது, பகலின் நடுவே இருட்டாக்கியதோ அதைச் சற்றும் பாதிக்கவில்லை. பெயர் மட்டும் பழைய பிழையோடு நிலைத்துவிட்டது.

திருச்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 45 நிமிடமும் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 30 நிமிடமும் கொண்டவை. மொத்த வேறுபாடு ஒன்றேகால் மணி நேரமே. இலண்டனில் இந்த வேறுபாடு எட்டு மணி நேரத்தைத் தாண்டும். பகல் மிக வேகமாகக் குறையும் புரட்டாசியில்கூட ஸ்ரீரங்கத்தில் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 40 நொடி; மாட வீதியில் தினமும் நடப்பவர் எவரும் அதை உணர்வதில்லை. அவரையின் இலை உணர்கிறது. இலையில் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி, சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவத்தையும், கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் தொலைச்சிவப்பு ஒளி பட்டால் மற்றொரு வடிவத்தையும் அடைகிறது. இருளிலும் மெல்ல மெல்ல மாறுகிறது. செல்லின் உட்கடிகாரமும் இந்த நிறமியும் தரும் செய்திகள் பொருந்தும் நாளில், இலையில் ஒரு புரதம் உருவாகி, சர்க்கரை செல்லும் குழாய்களின் வழியே கொடியின் நுனிக்குப் போய், அங்கே இலையாக வேண்டிய அரும்பைப் பூவாக மாற்றுகிறது. இலையிலிருந்து நுனிக்குப் போகும் ஏதோ ஒரு தூது இருக்க வேண்டும் என்று ரஷ்யாவில் சைலக்யான் 1930-களிலேயே கருதி அதற்கு ஃப்ளோரிஜன் என்று பெயரும் இட்டார். அந்தத் தூது ஒரு புரதமே என்பது உறுதிப்பட 2007 வரை ஆயிற்று. குறும்பகல் பயிரான சோயா மொச்சை வயல்களில், தெருவிளக்கின் ஒளி விழும் பகுதியில் உள்ள செடிகள் மட்டும் மற்றவை முற்றிய பிறகும் பச்சையாக நிற்பதை அமெரிக்காவில் பார்த்திருக்கிறார்கள். வீதி விளக்குகள் பெருகிவரும் தீவில் வேலி அவரை வைப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்வது நன்று.

பொங்கலன்று காவிரிக் கரை வீடுகளில் ஆக்கப்படும் கூட்டில் அவரையும் மொச்சையும் பரங்கியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வாழைக்காயும் சேனையும் சேர்வதைச் சடங்காக மட்டும் பார்ப்பது குறைவான பார்வை. அவற்றுள் மொச்சையும் அவரையும் ஒரே இனத்தின் இரு வகைகள். இரண்டும் நீண்ட இரவின் விளைச்சல்கள். பண்டிகையின் தேதியைச் சூரியனின் மகர நுழைவு தீர்மானிக்கிறது, அவரையின் காயையும் சூரியனே தீர்மானிக்கிறது. இரண்டும் ஒரே பருவத்தில் வந்து சேர்வது தற்செயல் அன்று.

புடலை, பீர்க்கு, பாகல், சுரை, பரங்கி என்று பந்தலிலும் தரையிலும் படரும் கொடிகளின் கதை வேறு. இவற்றுக்கு ஆடி, தை ஆகிய இரு பட்டங்கள் உண்டு. பூப்பதும் பெரிய சிக்கலன்று. ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே தோன்றுவதுதான் சிக்கல். முதலில் ஆண் பூக்களே வரும். பின்னர்தான் அடியில் பிஞ்சு வடிவம் தாங்கிய பெண் பூக்கள் தலைகாட்டும். வெப்பம் மிகுந்து பகல் நீண்ட காலத்தில் ஆண் பூக்களின் விகிதம் கூடுகிறது. மிதமான வெப்பமும் குறுகிய பகலும் பெண் பூக்களைப் பெருக்குகின்றன. தையில் ஊன்றிய புடலை மாசி, பங்குனியில் வெயில் உச்சம் அடையும் முன்பே பிஞ்சு பிடித்துவிடும். சித்திரையில் ஊன்றினால் பந்தல் நிறையப் பூ இருந்தும் காய் இராது. செடிக்குள் இந்த விகிதத்தை நடத்துவது எத்திலீன் என்ற வாயு. அது கூடினால் பெண் பூ கூடும். அதை வெளிவிடும் எத்ரல் என்ற மருந்தைப் பரங்கிக் கொடியின் இளம் பருவத்தில் 250 பிபிஎம் அளவில் வாரம் ஒருமுறையாக நான்கு முறை தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது இதனால்தான். தீவின் வாழைத்தார்களை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கும்போது புகையில் வேலை செய்வதும் இதே வாயு. தாரைக் கனிய வைப்பதும் கொடியைப் பெண்ணாக்குவதும் ஒரே மூலக்கூறு என்பது வேதியியலின் சிக்கனத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு.

கொல்லையில் அன்றாட வேலையின் நேரத்தையும் இக்கொடிகளே வகுக்கின்றன. பரங்கிப் பூ விடியும் முன் மலர்ந்து வெயில் ஏறியதும் வாடத் தொடங்கும்; பாகலும் காலையில் மலர்வது. பீர்க்கு மாலையில் விரியும். சுரையும் புடலையும் பொழுது சாய்ந்த பிறகு வெண்ணிறப் பூக்களைத் திறந்து அந்துப்பூச்சிகளுக்காகக் காத்திருக்கும். புடலைப் பூவின் இதழோரம் நூல் நூலாகப் பிரிந்திருப்பதைப் பகலில் பார்ப்பவர் அது வாடிய நிலை என்று எண்ணக்கூடும். இரவில்தான் அது முழுமையாக விரிகிறது. தேனீ குறைந்த இடங்களில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் மீது தேய்த்து மகரந்தம் சேர்ப்போர், பரங்கிக்கு விடியலிலும் பீர்க்குக்கு மாலையிலும் அதைச் செய்ய வேண்டும். நேரம் தவறினால் உழைப்பு வீண். பூச்சிமருந்தைக் காலையில் அடிக்கலாமா மாலையில் அடிக்கலாமா என்ற கேள்விக்கும் எந்தக் கொடி பந்தலில் இருக்கிறது என்பதே விடை.

கத்தரியில் பூ இருந்தும் காய்க்காத நிலைக்குக் காரணம் பூவின் உள்ளேயே இருக்கிறது. சூலகத் தண்டு நீண்டு மகரந்தப் பைகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூக்களே காயாகின்றன. தண்டு குட்டையான பூக்கள் பெரும்பாலும் உதிர்கின்றன. ஒரே செடியில் இருவகையும் கலந்தே வரும். மகரந்தப் பை நுனித் துளை வழியாகவே திறப்பதால், அதைப் பற்றிக்கொண்டு பறக்கும் தசைகளை அதிரவைக்கும் தச்சுத் தேனீ போன்ற பெரிய வண்டினங்கள் வந்தால் விளைச்சல் கூடும். வழக்கமான தேனீக்கு அந்த வித்தை வராது. வெண்டையில் பூ தடையே இல்லை. வெயில் காலத்தில் பெருகும் வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் நரம்புத் தேமல்தான் அதன் எதிரி. தக்காளிக்கோ பகல் 35 டிகிரியையும் இரவு 25 டிகிரியையும் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிர்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 37, 38 டிகிரியில் நிற்கும் திருச்சியில் அந்தப் பருவத்துத் தக்காளி பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருவதாகவே இருக்கும். பழைய வைணவ இல்லங்களின் திவசச் சமையலில் தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஆகியவற்றுக்கு இன்றும் இடமில்லை. அதற்கான காரணம் ஆசாரம். எனினும் இம்மண்ணின் வெயிலுக்கு ஒத்துப்போகும் காய்களின் பட்டியலாகவும் அச்சமையலைப் படிக்கலாம். வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் இடம்பெறுவதால், அந்த ஒரு காலைக்காக வேலியோர அகத்தி மரங்கள் முன்கூட்டியே காவல் காக்கப்படுகின்றன.

ஆடிக் காற்று கொல்லைக்குத் தனித் தொல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று திருச்சியில் ஆனி, ஆடியில் வலுத்து வீசுகிறது. வாழைக்கு முட்டுக் கொடுக்கும் காலம் அது. அப்போது ஊன்றப்படும் கொடி தரையோடு தவழும் பருவத்திலேயே காற்றைக் கடந்துவிட்டு, காற்று அடங்கிய பிறகு பந்தல் ஏறுகிறது. ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழை பாத்திகளை மூழ்கடிக்காமல் வடிகால் வெட்டுவதும், மார்கழிப் பனியில் அவரைக் கொழுந்தில் மொய்க்கும் அசுவினிக்கு இலை ஈரமாக இருக்கும்போதே அடுப்புச் சாம்பல் தூவுவதும் அடுத்தடுத்த வேலைகள். ஈர இலையில் ஒட்டிக்கொள்ளும் சாம்பல், மென்மையான அப்பூச்சியின் தோலை உரசி உலர்த்துகிறது. மேட்டூர் அணை மரபுப்படி ஜனவரி 28-இல் மூடப்பட்ட பின் ஆறு மணலாகிவிடும். ஆனால் அம்மணலின் அடியில் நீர் நெடுநாள் தங்குவதால்தான் கொள்ளிடத்தில் குடிநீர்க் கிணறுகள் அமைக்கப்பட்டிருக்கின்றன, தைப் பட்டக் கொல்லைகளின் கிணறுகளும் ஊறுகின்றன. மணல் அள்ளப்பட்ட இடங்களில் இந்தச் சேமிப்பு குறைந்துபோவதைக் கோடையில் முதலில் உணர்வது காய்கறிப் பாத்திகளே.

நீண்ட இரவுக்குக் காத்திராத அவரையை உருவாக்கியது தோட்டக்கலை ஆராய்ச்சியின் உறுதியான வெற்றி. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட குத்து அவரை ரகங்களும், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் ஆகியவையும் இரவு நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை. பந்தலும் தேவையில்லை, எந்த மாதத்தில் ஊன்றினாலும் ஏறத்தாழ நான்கு மாதத்தில் பூத்துக் காய்த்து முடிந்துவிடுகின்றன. கொடி அவரை அனைத்தும் ஒரே இரவு நீளத்துக்குக் கட்டுப்பட்டு ஒன்றாகக் காய்ப்பதால் தை மாதச் சந்தையில் அதன் விலை சரிவது இயல்பு. உழவர் சந்தைக்குக் கொண்டுசெல்பவருக்கு ஆனியில் காய்க்கும் குத்து அவரையே இலாபம். வீட்டுக்கு வேண்டியவருக்கோ, ஒருமுறை ஊன்றினால் கார்த்திகை முதல் மாசி வரை நாள்தோறும் ஒரு பிடி காய் தரும் கொடியே மேல். எனவே பாத்தியில் குத்து அவரையும் வேலியில் கொடியும் என்று இரண்டையும் வைப்பதில் குழப்பம் ஏதும் இல்லை. எது எந்த விதை என்று தெரியாமல் வாங்கி ஊன்றுவதில்தான் குழப்பம் வருகிறது.

அவரைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்பதால், நன்கு காய்த்த கொடியில் முற்றவிட்டு எடுத்த விதை அடுத்த ஆண்டும் அதே குணத்தோடு வரும். பூச்சிகளை நம்பியிருக்கும் புடலைக்கும் பீர்க்குக்கும் இந்த உறுதி இல்லை, பக்கத்துக் கொல்லையின் மகரந்தமும் அவற்றில் கலந்துவிடும். எடுத்து வைத்த அவரை விதையைப் பட்டத்துக்கு முன்பே ஊன்றினால் முன்பே காய்க்கும் என்று எதிர்பார்ப்பது வீண். வைகாசியில் ஊன்றிய கொடியும் ஆடியில் ஊன்றிய கொடியும் சில நாள் வேறுபாட்டில் ஒன்றாகவே பூக்கும்; முந்தியதற்குக் கூடுதலாகச் செலவாவது இரண்டு மாத நீரும், அது அடைத்துக்கொள்ளும் பந்தலும்தான்.